முகம் கழுவும் தண்ணீரில் லென்ஸை ஏன் அலசக் கூடாது?

போன மாதம் தங்கை வீட்டுக்கு வந்திருந்தாள். இரவு காண்டாக்ட் லென்ஸைக் கழற்றும்போது ஒன்று நழுவி வாஷ்பேசினில் விழுந்தது. எடுத்தாள், குழாயைத் திறந்து இரண்டு நொடி அலசினாள், டப்பாவில் போட்டு மூடினாள். நான் பதறியதைப் பார்த்து, "அண்ணா, இந்தத் தண்ணியிலதானே தினமும் முகம் கழுவறோம், கண்ணுல படாமயா இருக்கு?" என்றாள்.

நியாயமான கேள்விதான். வெறும் கண்ணில் படும் தண்ணீருக்கும் லென்ஸில் ஏறிய தண்ணீருக்கும் என்ன வித்தியாசம் என்று அன்றிரவு உட்கார்ந்து அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்பக்கமுள்ள தெளிவான படலத்தை (கார்னியா). அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன்தான். ஒளி தடையில்லாமல் உள்ளே போக வேண்டும் என்பதால் அதில் ரத்தக் குழாய்களே கிடையாது. தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியைக் கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. காவலுக்கும் கண்ணீர்தான். அதிலுள்ள லைசோசைம் என்ற நொதி பல பாக்டீரியாக்களின் சுவரை உடைத்துவிடும். பெனிசிலினைக் கண்டுபிடிப்பதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1922இல், அலெக்சாண்டர் ஃபிளெமிங் இதை விவரித்திருந்தார். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண் ஒரு முறை கழுவப்படுகிறது. முகம் கழுவும்போது தெறித்த துளியும் அதோடு போய்விடும்.

லென்ஸ் போட்ட கண்ணில் கதை வேறு. மென்மையான லென்ஸுக்கு அடியில் புதுக் கண்ணீர் மிகக் கொஞ்சமாகத்தான் போய்வரும். லென்ஸின் உட்பக்கம் ஒட்டிக்கொண்டு வந்த கிருமி, காலையில் போட்டதிலிருந்து இரவு கழற்றும்வரை கருவிழியோடு அழுந்தியே இருக்கும். இமை எத்தனை முறை துடைத்தாலும் அதைத் தொட முடியாது.

லென்ஸின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. செக் நாட்டு வேதியியலாளர் ஓட்டோ விக்டர்லே 1961 கிறிஸ்துமஸ் சமயத்தில், பிள்ளைகள் விளையாடும் உலோகக் கட்டுமான செட்டையும் சைக்கிள் டைனமோவையும் வைத்து, தன் வீட்டிலேயே ஒரு கருவி செய்து மென்மையான லென்ஸ்களை வார்த்தெடுத்தார். அவர் பயன்படுத்தியது தண்ணீரை உறிஞ்சி மெத்தென்று ஆகும் பிளாஸ்டிக். கண் உறுத்தாமல் இருப்பதற்குக் காரணமே அந்த ஈரம்தான். ஆனால் கண்ணீரில் உப்பு உண்டு, குழாய்த் தண்ணீரில் அந்த அளவு இல்லை. உப்புக் குறைந்த தண்ணீரில் நனைந்த லென்ஸ் ஊதி, வடிவம் மாறி, கருவிழியை இறுகப் பிடித்துக்கொள்ளும். அதைப் பிடுங்கி எடுக்கும்போது மேல்தோலில் நுண்ணிய சிராய்ப்புகள் விழும். கிருமிக்கு அந்த வாசல் போதும்.

அந்தத் தண்ணீரில் வரக்கூடியவற்றில் எனக்கு மிகவும் பயம் தருவது அகாந்தமீபா. மண், குளம், தூசி, மொட்டைமாடித் தொட்டி எல்லா இடத்திலும் வாழும் ஒற்றைச் செல் உயிர் இது. குடித்தால் பொதுவாக ஒன்றும் செய்யாது. பாக்டீரியாவைத் தின்று பிழைக்கும். நிலைமை மோசமானால் சுருண்டு, இரட்டைச் சுவர் கொண்ட கூட்டுக்குள் அடங்கிவிடும். குடிநீரில் கலக்கும் அளவு குளோரின் அந்தக் கூட்டை ஒன்றும் செய்வதில்லை. காய்ந்த நிலையிலும் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். கருவிழிக்குள் புகுந்து கூடு கட்டிக்கொண்டால் மாதக்கணக்கில் சொட்டுமருந்து விட வேண்டியிருக்கும். சிலருக்குக் கருவிழி மாற்று அறுவை வரை போகும்.

நம் நாட்டில் அகாந்தமீபா பாதிப்போடு வருபவர்களில் பெரும்பாலோர் லென்ஸே போடாதவர்கள். வயல் வேலையில் கண்ணில் மண்ணோ அழுக்குத் தண்ணீரோ பட்டவர்கள். நம்மைச் சுற்றி அது எவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பதற்கு இதைவிட வேறென்ன சொல்ல? மேலை நாடுகளில் இது பெரும்பாலும் லென்ஸ் போடுபவர்களின் நோய். வீட்டுக் கூரைக்கடியில் தண்ணீர்த் தொட்டி வைக்கும் வழக்கமுள்ள இங்கிலாந்தில் அந்தத் தொட்டிகள் மீதே ஆய்வாளர்களின் சந்தேகம் விழுந்தது. "அப்ப ஆர்.ஓ. தண்ணி?" என்றாள் தங்கை. அதுவும் கூடாது. 1980களில் அமெரிக்காவில் காய்ச்சி வடித்த நீரில் உப்பு மாத்திரை கரைத்து வீட்டிலேயே லென்ஸ் திரவம் தயாரித்தவர்களிடம்தான் இந்த நோய் கூட்டமாகத் தென்பட்டது. நமக்குச் சுத்தமாகத் தெரியும் தண்ணீரும் கிருமியற்ற தண்ணீரும் ஒன்றல்ல.

பிறகு அவள் டப்பாவைத் திறந்து உட்சுவரில் விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன். லேசாக வழுக்கியது. பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிப் பூசிக்கொள்ளும் கொழகொழப்பு அது. லென்ஸை ஊறவைக்கும் மருந்துத் திரவம் (சொல்யூஷன்) அதற்குள் சரியாக இறங்காது. அமீபாவுக்கு அதுவே மேய்ச்சல் நிலம். ஓரிரு நாளிலேயே கருவிழியைக் குடைந்துவிடக்கூடிய சூடோமோனாஸ் பாக்டீரியாவும் இப்படிப்பட்ட இடத்தில்தான் குடியிருக்கும். அந்த டப்பாவும் லென்ஸும் அன்றே குப்பைக்குப் போயின.

ஆகவே லென்ஸைத் தொடும்முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அதைவிட முக்கியமாகத் துடைத்து உலர்த்துங்கள். ஈரக் கையும் குழாய்த் தண்ணீர்தான். கழற்றிய லென்ஸை உள்ளங்கையில் வைத்து, சொல்யூஷன் விட்டு, விரலால் இருபுறமும் தேயுங்கள். தேய்க்கத் தேவையில்லை என்று பாட்டிலில் போட்டிருந்தாலும் தேயுங்கள், பாதிக் கிருமி வழித்துக்கொண்டு போவது அதில்தான். நேற்றைய சொல்யூஷன்மேல் இன்று கொஞ்சம் ஊற்றி நிரப்பும் பழக்கம் வேண்டவே வேண்டாம். வீரியம் போன மருந்தில் கிருமி பிழைத்துக்கொள்ளும். டப்பாவை சொல்யூஷனாலேயே அலசி, துடைத்து, மூடியைத் திறந்து கவிழ்த்துக் காயவிடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை புது டப்பா. குளிக்கும்போதும் நீந்தும்போதும் லென்ஸ் கண்ணில் இருக்கக் கூடாது.

தூக்கத்திலும் கூடாது. கண் மூடியிருக்கையில் கருவிழிக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது; அதன்மேல் லென்ஸும் இருந்தால் திணறிப்போகும். 1989இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பகலில் மட்டும் மென்மையான லென்ஸ் போட்டவர்களில் ஆண்டுக்குப் 10,000 பேருக்குச் சுமார் 4 பேருக்குக் கருவிழிப் புண் வந்தது. இரவிலும் போட்டவர்களில் அது சுமார் 21.

கண் சிவந்து, வெளிச்சம் கூசி, பார்வை மங்கினால் உடனே லென்ஸைக் கழற்றிவிட்டு அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். பார்க்கும் சிவப்பைவிட வலி பல மடங்கு அதிகம் என்று தோன்றினால் ஒரு நாளும் தள்ளாதீர்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சொட்டுமருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டே போக, வெளியே சிவப்பு மட்டும் குறையும். போகும்போது கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே கையில் கொண்டுபோங்கள். கண்ணிலிருந்து சுரண்டி எடுத்த மாதிரியில் கிருமி பிடிபடாமல் போனாலும், டப்பாவில் மிஞ்சிய அந்த இரண்டு சொட்டிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க முடியும்.