சிறைக்கே திரும்பத் தவிக்கும் கைதிகள்: நகைச்சுவைத் தொடர் திரைப்படமாகும் விதம்

தாங்கள் தப்பி வந்துவிட்ட சிறைக்குள் யாருக்கும் தெரியாமல் மீண்டும் நுழைந்துவிட இரண்டு கைதிகள் படாதபாடு படுகிறார்கள். அதே பெயரிலான தொலைக்காட்சித் தொடரிலிருந்து உருவாகி, 1979இல் வெளிவந்த ‘பாரிட்ஜ்’ என்னும் பிரிட்டிஷ் திரைப்படத்தின் கதை இது. ஃபிளெட்சர் பலமுறை சிறை கண்ட அனுபவசாலி; காட்பர் அவருடன் ஒரே அறையில் அடைபட்டிருக்கும் இளைஞன். சிறைக்குள் நடக்கும் ஒரு கால்பந்து ஆட்டத்தைச் சாக்காக வைத்து வேறொரு கைதியைத் தப்புவிக்கத் தீட்டப்பட்ட திட்டத்தில் இவ்விருவரும் விருப்பமின்றியே அகப்பட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். தப்பியோடியவர்கள் என்று பிடிபட்டால் தண்டனை கூடும். ஆகவே, தாங்கள் இல்லாதது தெரியவரும் முன்பே உள்ளே போய்விட வேண்டும்.

தொலைக்காட்சியில் மக்கள் விரும்பிப் பார்த்த நகைச்சுவைத் தொடர் ஒன்றைத் திரைப்படமாக்கும்போது எழும் தலையாய சிக்கலுக்கு, நான் அறிந்தவரை, இதைவிட நேர்த்தியான விடையை எவரும் எழுதவில்லை. அந்த விடையின் அருமை புரிய வேண்டுமானால், ‘சிட்காம்’ என்று நாம் அழைக்கும் தொடர் எப்படி இயங்குகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தஞ்சாவூர்ப் பொம்மையை எந்தப் பக்கம் சாய்த்தாலும் அது எழுந்து நின்றுவிடுகிறது. அதன் எடை பெரும்பாலும் உருண்டையான அடிப்பாகத்தில் தங்கியிருப்பதால், சாய்க்கும்போது ஈர்ப்பு மையம் மேலே உயர்கிறது. கையை எடுத்தவுடன் அது தன் தாழ்ந்த நிலைக்குத் திரும்புகிறது. சிட்காமும் இவ்வாறு அமைக்கப்பட்டதுதான். ஒரு வீடு, ஓர் அலுவலகம், ஒரு சிறையறை என்று மாறாத இடம். பேராசைக்காரர், அப்பாவி, கண்டிப்பானவர் என்று மாறாத குணங்கள். அத்தியாயத்தின் தொடக்கத்தில் யாரோ இந்த அமைப்பைச் சாய்க்கிறார்கள். முடிவதற்குள் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடுகிறது. முந்தைய வாரம் பார்க்காதவருக்கும் இந்த வாரம் புரிய வேண்டும், அடுத்த வாரமும் அதே மனிதர்கள் அதே இடத்தில் இருக்க வேண்டும் என்பதால், இப்படித் திரும்பிவருவது அந்த வடிவத்தின் உயிர்நிலை. ஃபிளெட்சர் விடுதலையாகிவிட்டால் தொடரும் முடிந்துவிடும்.

திரைப்படத்தின் இயல்போ இதற்கு நேர்மாறானது. அது சூளையில் வைத்த மண்பாண்டம் போன்றது; ஒருமுறை சுட்டபின் மீண்டும் குழைத்துக் களிமண்ணாக்க முடியாது. கட்டணம் செலுத்தி இருட்டில் ஒன்றரை மணிநேரம் அமர்ந்திருக்கும் ஒருவர், தொடங்கிய இடத்திலேயே மனிதர்கள் நின்றுகொண்டிருப்பதைக் கண்டால், எதுவுமே நடக்கவில்லை என்று உணர்கிறார். கதாபாத்திரம் எதையாவது இழக்க வேண்டும், அல்லது அடைய வேண்டும், அல்லது புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் உண்மையாகவே மாறிவிட்டால், எந்த மனிதரைப் பார்ப்பதற்காக இவர் வந்தாரோ அந்த மனிதர் காணாமல்போய்விடுகிறார். ‘பாரிட்ஜ்’ படத்தில் பழைய நிலைக்குத் திரும்புவதே கதாநாயகர்களின் இலட்சியமாகிவிடுவதால், தொடரின் விதியும் படத்தின் தேவையும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. 1974 முதல் 1977 வரை பிபிசியில் ஒளிபரப்பான அத்தொடரை எழுதிய டிக் கிளெமென்ட், இயன் லா ஃப்ரனே ஆகிய இருவருமே படத்தையும் எழுதினார்கள்; கிளெமென்ட் இயக்கினார். தங்கள் பொம்மையின் எடை எங்கே இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கால அளவின் கணக்கைப் பார்ப்போம். அமெரிக்காவில் அரைமணி நேரத் தொடர் ஒன்றில் விளம்பரம் போக எஞ்சுவது ஏறத்தாழ 22 நிமிடங்கள். அப்படியானால் நான்கு அத்தியாயங்களை அடுக்கினால் ஒரு படம் ஆகிவிடாதா என்று தோன்றலாம். இந்தச் சோதனை உண்மையாகவே நடந்திருக்கிறது. ‘ஐ லவ் லூசி’ தொடரின் புகழ் உச்சத்தில் இருந்த 1953இல், அதன் முதல் பருவத்தின் மூன்று அத்தியாயங்களை எடுத்து, இடையிடையே புதிதாகப் படமாக்கிய இணைப்புக் காட்சிகளை வைத்து ஒரு திரைப்படத்தை உருவாக்கினார்கள். அதே நடிகர்களான லூசில் பாலும் டெஸி அர்னாஸும் நடித்த ‘தி லாங், லாங் டிரெய்லர்’ என்னும் எம்ஜிஎம் படம் அப்போது வரவிருந்ததால், முன்னோட்டக் காட்சியோடு அது கிடப்பில் போடப்பட்டு, 2007இல்தான் குறுந்தட்டாக மக்களை அடைந்தது. அது நின்றுபோனது வணிகக் காரணத்தால் என்றாலும், அடுக்குவதால் ஏற்படும் குறையையும் அதில் காணலாம். ஒவ்வோர் அத்தியாயமும் தன்னளவில் எழுந்து, உச்சம் தொட்டு, அடங்குகிறது. மூன்றைச் சேர்த்தால் மூன்று சிறு குன்றுகள் கிடைக்கின்றனவே தவிர ஒரு மலை கிடைப்பதில்லை.

இதைவிட நுட்பமானது சிரிப்பின் சிக்கல். இங்கேதான் அறிவியல் நமக்கு நேரடியாக உதவுகிறது. அமெரிக்க நரம்பியலாளர் ராபர்ட் புரொவைன் மனிதச் சிரிப்பின் ஒலியை அளந்து பார்த்தபோது, ‘ஹா’ என்னும் ஒவ்வொரு துணுக்கும் ஏறத்தாழ 75 மில்லிவினாடி நீடிப்பதையும், ஏறத்தாழ 210 மில்லிவினாடிக்கு ஒருமுறை அது திரும்ப வருவதையும் கண்டார். அதாவது வினாடிக்குச் சுமார் ஐந்து. மூன்று வினாடி நீளும் ஒரு சிரிப்பலையில் பதினான்கு துணுக்குகள் அடங்கும். அந்த மூன்று வினாடிகளில் திரையில் பேசப்படும் எதுவும் காதில் விழாது. அவருடைய இன்னொரு கண்டுபிடிப்பு இதைவிட முக்கியமானது: மனிதர்கள் தனித்திருக்கும்போது சிரிப்பதைக் காட்டிலும் பிறருடன் இருக்கும்போது ஏறத்தாழ 30 மடங்கு அதிகமாகச் சிரிக்கிறார்கள். சிரிப்பு என்பது நகைச்சுவைக்கு அளிக்கப்படும் எதிர்வினை மட்டுமன்று, மனிதர் மனிதருக்கு அனுப்பும் சமிக்ஞையும்கூட.

வீட்டில் தனியே அமர்ந்து தொலைக்காட்சி பார்ப்பவருக்கு இந்தக் கூட்டத்தை எப்படித் தருவது? இந்தக் கேள்விக்கு விடையாகவே சிட்காமின் சிரிப்பொலி வந்தது. பல தொடர்கள் அரங்கில் கூடிய பார்வையாளர் முன்னிலையில் படமாக்கப்பட்டன. 1951இல் ‘ஐ லவ் லூசி’ தொடங்கியபோது, ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் மூன்று கேமராக்களை ஒரே நேரத்தில் இயக்கி, பார்வையாளர் எதிரே நாடகம்போல் நடிப்பதைப் படச்சுருளில் பதிவுசெய்யும் முறையை நிலைநிறுத்தினார். பிரிட்டனில், முன்கூட்டியே எடுத்த வெளிப்புறக் காட்சிகளை அரங்கில் இருப்பவர்களுக்குப் போட்டுக்காட்டி, அப்போது எழும் சிரிப்பைப் பதிவுசெய்வதும் வழக்கமாக இருந்தது. உண்மையான சிரிப்பு போதாத இடங்களை நிரப்ப, சிபிஎஸ் என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சி நிறுவனத்தின் ஒலிப்பொறியாளர் சார்லி டக்ளஸ், விசைகளை அழுத்தினால் வெவ்வேறு சிரிப்புகள் எழும் ஒரு கருவியை 1950களில் உருவாக்கினார். இது வெறும் ஏமாற்று என்று பலர் கருதினாலும், லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது: சாதாரணமான நகைச்சுவைத் துணுக்குகளோடு பிறருடைய சிரிப்பொலியைச் சேர்த்தபோது கேட்பவர்கள் அவற்றுக்குக் கூடுதல் மதிப்பெண் அளித்தார்கள், செயற்கையான சிரிப்பைவிட இயல்பாக எழுந்த சிரிப்பு அதிகப் பலன் தந்தது.

திரைப்படத்தில் இந்த ஏற்பாடு முழுவதும் கழற்றப்படுகிறது. திரையரங்கில் உண்மையான கூட்டமே இருப்பதால் பதிவுசெய்த சிரிப்புக்குத் தேவையில்லை. ஆனால் சிரிப்பொலியோடு இன்னொன்றும் போய்விடுகிறது. அரங்கில் நடிப்பவர் தம் வசனத்தைச் சொல்லிவிட்டு, சிரிப்பு எழுந்து, உச்சம் தொட்டு, தணியத் தொடங்கும் கணம்வரை காத்திருந்து, அதன்பிறகே அடுத்த வசனத்தைத் தொடங்குவார். அந்தக் காத்திருப்பில்தான் தொடரின் தாளமே இருக்கிறது. திரைப்படத்தில் நடிப்பவருக்கோ எந்தச் சிரிப்பும் கேட்காது. படப்பிடிப்பின்போது சுற்றி நிற்பவர்கள் மூச்சைக்கூட அடக்கிக்கொண்டிருப்பார்கள். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பின்னாளில் படத்தொகுப்பாளர்தான் ஊகிக்க வேண்டும். இடைவெளி குறைந்தால் அடுத்த வசனம் சிரிப்பில் மூழ்கிவிடும். கூடினால், பத்துப் பேர் மட்டும் அமர்ந்திருக்கும் பகற்காட்சியில் அந்த வெறுமை நெஞ்சை அழுத்தும். முழு அரங்குக்கும் காலி அரங்குக்கும் ஒரே படம்தான் போகிறது என்பதை நினைத்துப்பார்த்தால் இந்த வேலையின் கடினம் விளங்கும்.

இதற்கு ஒரு பழைய தீர்வு உண்டு. 1935இல் அமெரிக்க நகைச்சுவை நடிகர்களான மார்க்ஸ் சகோதரர்கள் நடித்த ‘எ நைட் அட் தி ஓபரா’ படமாக்கப்படும் முன்பு, அதன் நகைச்சுவைக் காட்சிகளை ஊர் ஊராகச் சென்று மேடையில் நடித்துக்காட்டி, சிரிப்பு எழும் இடங்களையும் நீடிக்கும் நேரத்தையும் குறித்துக்கொண்டார்கள். இன்றைய சோதனைத் திரையிடல்கள் அதன் வழித்தோன்றல்களே. தொகுப்பாளரிடம் இன்னோர் உத்தியும் உண்டு: நகைச்சுவை வசனம் முடிந்ததும், அதைக் கேட்டவரின் முகத்தைச் சில கணங்கள் காட்டுவது. சிரிப்பவர்கள் சிரிக்கலாம், எதையும் தவறவிடமாட்டார்கள். சிரிக்காதவர்களுக்கும் பார்ப்பதற்கு ஒரு முகம் இருக்கிறது.

இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்று சுவர்களும், நான்காவது சுவர் இருக்க வேண்டிய இடத்தில் பார்வையாளருமாக அமைந்தது சிட்காமின் உலகம். கேமராக்கள் எல்லாத் திசையிலிருந்தும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் ஒளியும் எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும். ‘பாரிட்ஜ்’ தொடருக்கு உண்மையான சிறைக்குள் படமெடுக்க உள்துறை அனுமதிக்காததால், நீருக்கடியிலான காட்சிகளுக்கு முன்பு பயன்பட்ட ஒரு பெரிய தொட்டிக்குள், லண்டனின் ஈலிங் படப்பிடிப்புத் தளத்தில் சிறைக்கூடத்தைக் கட்டினார்கள். திரைப்படத்தின்போதோ, 1978இல் தீவிபத்துக்குள்ளாகி வெறுமையாகியிருந்த செல்ம்ஸ்ஃபோர்டு சிறையே கிடைத்தது. உண்மையான கற்சுவரும் குளிரும் திரையில் வந்தவுடன், அதே வசனங்கள் சற்றுத் துயரத்தோடு ஒலிக்கின்றன. இது ஆதாயமா இழப்பா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்தத் துயரம் தொடரின் அடியில் எப்போதுமே இருந்தது என்பதால் ஆதாயம் என்றே நான் நினைக்கிறேன்.

1970களில் பிரிட்டனில் இத்தகைய படங்கள் அலையலையாக வந்தன. ஹாம்மர் நிறுவனம் 1971இல் எடுத்த ‘ஆன் தி பஸஸ்’ பெருவெற்றி பெற்றது. வீட்டில் கறுப்பு வெள்ளையில் கண்ட முகங்களை வண்ணத்தில், பெரிய திரையில் காண்பதே அன்று ஓர் ஈர்ப்பு. கதைக்கு அப்போது அடிக்கடி கையாளப்பட்ட வழி, எல்லோரையும் விடுமுறைக்கு அனுப்பிவிடுவது. இடம் மட்டும் மாறும், மனிதர்கள் மாறமாட்டார்கள், திரும்பிவந்தால் பழைய நிலை காத்திருக்கும். எளிய வழிதான். ஆனால் மனிதர்களின் சிரிப்பு அவர்களுடைய இடத்தோடு பிணைந்திருந்தால், கடற்கரையில் அது உலர்ந்துவிடுகிறது. நம் நாட்டில், கூட்டுக் குடும்பத்தின் அசட்டுத்தனங்களில் வாழ்ந்த ‘கிச்சடி’ என்னும் இந்தித் தொடர் 2010இல் படமானபோது, குடும்பத்தைப் பிரிக்காமல் ஒரு காதல் கதையை அதன் நடுவே கொண்டுவந்து வைத்தார்கள்.

தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கும் நன்கு பழக்கமான மிஸ்டர் பீனின் கதை இன்னும் சிக்கலானது. மாறவும் மாட்டார், அதிகம் பேசவும் மாட்டார் என்ற ஒருவரை வைத்துக்கொண்டு ஒன்றரை மணிநேரத்தை எப்படி நகர்த்துவது? 1997இல் வந்த ‘பீன்’ படத்தில் ரிச்சர்ட் கர்டிஸும் ராபின் டிரிஸ்காலும் கண்ட வழி, மாற்றத்தின் சுமையை வேறொருவர் தோளில் ஏற்றுவது. லாஸ் ஏஞ்சலிஸ் நகரக் கலைக்கூடம் ஒன்றில் பணியாற்றும் டேவிட் லாங்லி, பீனை மாபெரும் கலை அறிஞர் என்று நம்பித் தம் வீட்டில் தங்கவைக்கிறார். மனைவி பிள்ளைகளுடன் வெளியேறுகிறார், வேலை ஆட்டம் காண்கிறது, மகள் விபத்தில் சிக்குகிறாள். தும்மலில் தொடங்கி, ஓவியர் விஸ்லரின் புகழ்பெற்ற படைப்பில் வரையப்பட்டிருக்கும் அன்னையின் முகத்தையே பீன் அழித்துவிடும்போது, நாம் சிரிப்பது பீனைப் பார்த்து. நெஞ்சு பதறுவது டேவிடுக்காக. முடிவில் குடும்பத்தோடு மீண்டும் இணைவது டேவிட். பீன் எந்தப் பாடமும் கற்காமல், கொஞ்சமும் மாறாமல் தம் அறைக்குத் திரும்புகிறார். பொம்மை எழுந்து நிற்கிறது, பாண்டமும் சுடப்பட்டுவிட்டது. இரண்டும் வெவ்வேறு ஆட்கள் என்பதுதான் தந்திரம்.

‘தி சிம்ப்சன்ஸ்’ என்னும் அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடர் 1989இல் தொடங்கி, 2007இல்தான் திரைக்கு வந்தது. நூறு முறைக்கும் மேல் திருத்தி எழுதப்பட்ட அந்தக் கதையில், குடும்பத் தலைவர் ஹோமர் செய்த தவற்றால் ஊர் முழுவதும் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அடைக்கப்படுகிறது, வீடு மண்ணுக்குள் புதைகிறது, மனைவி அவரைப் பிரிகிறார். ஏறத்தாழச் சதுரமான தொலைக்காட்சித் திரைக்காக வரையப்பட்டுவந்த உலகை அகன்ற திரைக்கு ஏற்ப விரிக்க வேண்டியிருந்தது; அந்த அகலத்தை நிரப்ப ஊரே திரண்டு துரத்தும் காட்சிகள் வந்தன. இறுதியில் ஊர்மக்கள் கூடி அந்த வீட்டைத் திரும்பக் கட்டுகிறார்கள். அடுத்த பருவம் தொலைக்காட்சியில் தொடங்கியபோது எல்லோரும் பழைய இடத்தில் இருந்தாக வேண்டும் அல்லவா?

தொடர் முடிந்துவிட்டிருந்தால் இந்தக் கட்டாயம் இல்லை. நான்கு பள்ளி மாணவர்களைப் பற்றிய ‘தி இன்பிட்வீனர்ஸ்’ 18 அத்தியாயங்களோடு 2010இல் நிறைவுற்றது. மறு ஆண்டு வந்த படத்தில் அவர்கள் பள்ளியை விட்டு வெளியேறி, கிரேக்கத் தீவு ஒன்றுக்குச் சென்று, காதலில் தோற்பதையே வழக்கமாகக் கொண்டிருந்தவர்கள் முடிவில் ஆளுக்கொரு துணையோடு நிற்கிறார்கள். பொம்மையின் அடிப்பாகத்தைத் துணிந்து உடைத்த முடிவு அது. படம் பிரிட்டனில் பெருவெற்றி பெறவே, 2014இல் இரண்டாம் படம் வந்தது. இம்முறை ஆஸ்திரேலியா. படம் தொடங்கும்போது, முன்பு கூடிய இணைகளில் பெரும்பாலானவை பிரிந்துவிட்டிருந்தன.