காய்ச்சல் வந்தால் தண்ணீர் மேல் பழி போடாதீர்கள்

சென்ற மாதம் ஒரு திங்கட்கிழமை, தருமபுரியில் உள்ள என் சிகிச்சையகத்தில் காலைக் கூட்டம் ஏறக்குறைய முடிந்திருந்த நேரத்தில், காரிமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் மகனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். ஓசூரில் வேலை பார்க்கும் 27 வயது இளைஞர். ஆறு நாட்களாகக் காய்ச்சல், தலையைத் தூக்க முடியாத வலி. நான் நாடி பார்க்கும் முன்பே அந்த அம்மா நோயைச் சொல்லிவிட்டார்: “வெளியூர் போய்ட்டு வந்தான் சார், தண்ணி சேரல.”

எந்த வெளியூர் என்று கேட்டேன். பாங்காக் பக்கம் என்றார் மகன். பாங்காக்கில் எந்தப் பக்கம் என்று மேலும் துருவியபோதுதான், நான்கு நண்பர்களாக முதுகுப் பையுடன் வடக்குத் தாய்லாந்து வழியே லாவோஸுக்குள் நுழைந்து, ஹுவாய் சாய் என்ற எல்லை ஊரிலிருந்து மேகாங் ஆற்றில் இரண்டு நாட்கள் மெதுபடகில் சென்ற கதை வெளிவந்தது. ஐந்து நாட்களாக அவருக்கு மாத்திரை கொடுத்துவந்த மருந்துக் கடையில் யாரும் இதைக் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் நான்காவது ஆள் என்பதால்தான், பொறுமையிழந்து இதை எழுதுகிறேன்.

2023 நவம்பரில் தாய்லாந்து இந்தியர்களுக்கு விசா விதியைத் தளர்த்திய பிறகு நம் பிள்ளைகள் கூட்டமாகக் கிளம்புகிறார்கள், அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் ஆற்றுப் பயணம் என்றதும் நம்மவர் மனதில் வருவது ஒகேனக்கல் பரிசல்தான்: கொஞ்ச நேரச் சுற்றல், கரையில் வறுத்த மீன், மாலையில் வீடு. மெதுபடகு அப்படிப்பட்டதல்ல. ஹுவாய் சாயிலிருந்து, படகு போய்ச் சேரும் லுவாங் பிரபாங் நகரம் வரை ஏறத்தாழ 300 கிலோமீட்டர். பழைய வேன் இருக்கைகளை வரிசையாகப் போட்ட நீண்ட மரப்படகு இரண்டு பகல் முழுக்க ஊர்ந்து செல்லும். படகுத்துறை இல்லாத மணல் திட்டுகளில் நின்று ஊர்க்காரர்களை ஏற்றி இறக்கும். முதல் நாள் இரவு பாக்பெங் என்ற சிற்றூரில் எல்லோரும் இறங்கித் தங்கியாக வேண்டும். அங்கே மலிவான அறை என்றால் பலகைச் சுவர், ஓட்டை விழுந்த கொசுவலை, எத்தனை பேர் படுத்தது என்று தெரியாத மெத்தை.

அந்த மெத்தையைப் பற்றித்தான் இளைஞர் என்னிடம் ஆவேசமாகப் பேசினார். கைப்பேசியை எடுத்து, முழங்கையில் வரிசையாகத் தடித்திருந்த மூட்டைப்பூச்சிக் கடிகளின் படங்களைக் காட்டினார். மூட்டைப்பூச்சி அரிக்கும், தூக்கத்தைக் கெடுக்கும், பையோடு வீட்டுக்கும் வந்து சேரும். ஆனால் அது இந்தக் காய்ச்சலைத் தராது. சட்டையைக் கழற்றி, கால்சட்டையையும் இறக்கச் சொன்னேன். தாய் எதிரில் இருக்கிறார் என்று கூச்சப்பட்டார். அம்மாவை வெளியே அனுப்பிவிட்டுப் பார்த்தபோது, இடுப்பு வார் அழுத்தும் இடத்தில், சிகரெட்டால் சுட்டது போல வட்டமாக ஒரு கறுத்த பொருக்கு இருந்தது. அதைச் சுற்றி மெல்லிய சிவப்பு வளையம். அது வலிக்கவில்லை, அரிக்கவும் இல்லை, அதனால் அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

இதுதான் ஸ்க்ரப் டைபஸ். செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன, ஆனால் கடிப்பது நம் மாட்டு உண்ணி அல்ல. புதரிலும் உயர்ந்த புல்லிலும் வாழும், கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒரு சிறு பூச்சியின் இளம்பருவம். லாவோஸில் காய்ச்சலுக்கு இது முக்கியமான ஒரு காரணம். நம் தமிழ்நாட்டு மலையடிவாரங்களுக்கும் புதிதல்ல. பாக்பெங்கில் துவைத்த அரைக்கால் சட்டையை எங்கே உலர்த்தினீர்கள் என்று கேட்டேன். விடுதிக்குப் பின்னால் இருந்த செடிகளின் மேல் விரித்துப் போட்டு, மறுநாள் காலையில் அதையே மாட்டிக்கொண்டு படகேறியதாகச் சொன்னார். அன்றிலிருந்து பத்தாம் நாள் காய்ச்சல் தொடங்கியிருக்கிறது. பொருக்கைப் பார்த்த அன்றே சிகிச்சையைத் தொடங்கி, இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பினேன். டாக்சிசைக்ளின் கொடுத்த இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. இன்னும் ஒரு வாரம் தாமதித்திருந்தால் நுரையீரலும் சிறுநீரகமும் சேர்ந்து படுத்திருக்கும். (மருந்தின் பெயரை எழுதிவிட்டேன் என்பதற்காக அடுத்த காய்ச்சலுக்கு நீங்களே வாங்கி விழுங்காதீர்கள்.)

இப்போது அந்தத் ‘தண்ணி சேரல’ விஷயத்துக்கு வருகிறேன். தண்ணீரைப் பற்றிப் பேச நம் மாவட்டத்தை விடத் தகுதியான மாவட்டம் குறைவு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் ஆழ்துளைக் கிணற்று நீரில் இருந்த புளோரைடு தலைமுறைகளின் பற்களைப் பழுப்பாக்கியது, எலும்பை வளைத்தது. அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. அந்தக் கிணற்றுத் தண்ணீருக்கு நாம் பிறந்ததிலிருந்து பழகியவர்கள், பழகியதால் அது நம்மைக் காப்பாற்றவில்லை. ஆகவே பழகிய தண்ணீர் நல்லது, புதிய தண்ணீர் கெட்டது என்ற கணக்கே தவறு. தண்ணீரில் கிருமியோ புளோரைடு போன்ற கேடோ இருக்கிறதா இல்லையா என்பது மட்டுமே கேள்வி. கிருமி கலந்த தண்ணீரால் வரும் வயிற்றுப்போக்கு சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்துவிடும். பெரும்பாலும் படகிலேயே, இயந்திரத்துக்கு அருகில் இருக்கும் அந்த ஒற்றைக் கழிவறைக்கு வெளியே வரிசையில் நிற்கும்போதே தெரிந்துவிடும். டைபாய்டும் மஞ்சள் காமாலையும் தண்ணீர், உணவு வழியாக வந்து வாரங்கள் கழித்துத் தலைகாட்டும் என்பது உண்மை, ஆனால் அவையும் பெயருள்ள நோய்கள், பரிசோதித்துச் சிகிச்சை தர வேண்டியவை. ‘தண்ணீர் மாற்றம்’ என்று ஒரு நோய் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லை. அந்தச் சொல் செய்யும் ஒரே வேலை, எல்லோரையும் சமாதானப்படுத்தி ஐந்து நாட்களை வீணாக்குவது.

அந்த ஐந்து நாட்களில் வயிற்றுக்குள் போவதைப் பாருங்கள். இளைஞர் கொண்டுவந்த மாத்திரைச் செட்டில் காய்ச்சல் மாத்திரை ஒன்று, இந்த நோயைத் தொடக்கூட முடியாத நுண்ணுயிர்க்கொல்லி ஒன்று, வலி மாத்திரை ஒன்று, பெயரில்லாத தாளில் மடித்த சின்ன வெள்ளை மாத்திரை ஒன்று. அந்த வெள்ளை மாத்திரை என்னவாக இருக்கும் என்று எனக்கு ஊகம் உண்டு. காய்ச்சல் இறங்கியது போலக் காட்டி நோயை உள்ளே வளரவிடும் வகை. இதே இளைஞருக்கு டெங்கு இருந்திருந்தால், அந்த வலி மாத்திரையே இரத்தக் கசிவை மோசமாக்கியிருக்கும்.

இத்தனைக்கும் தண்ணீர் விஷயத்தில் இவர்கள் கவனமாகத்தான் இருந்திருக்கிறார்கள். பருப்புப் பொடி, ஊறுகாய், மின்சாரக் கெட்டில் சகிதம் போய், பல் துலக்கக்கூடப் பாட்டில் தண்ணீர் வாங்கியிருக்கிறார்கள். தண்ணீருக்கு இவ்வளவு அஞ்சுபவர்கள் விடுதியில் இலவசமாக ஊற்றிக் கொடுக்கும் சாராயத்துக்கு அஞ்சுவதில்லை. 2024 நவம்பரில் அதே லாவோஸின் வாங் வியெங் ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு வெளிநாட்டுப் பயணிகள் இறந்தார்கள். அதே ஆண்டு ஜூனில் நம் கள்ளக்குறிச்சியில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. பச்சை மீன் உணவும் அப்படித்தான்: மேகாங் மீனில் உள்ள கல்லீரல் புழு பல ஆண்டுகள் தங்கிப் பித்தநாளப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். வெந்த மீனை மட்டும் சாப்பிடுங்கள்.

போகிறவர்கள் போய் வாருங்கள். துணியைக் கயிற்றில் உலர்த்துங்கள், புல்லிலும் செடியிலும் போடாதீர்கள். படகு நிற்கும் கரையில் புதருக்குள் ஒதுங்குவதாக இருந்தால் முழுக்கால் சட்டை, காலுறை, பூச்சி விரட்டி மூன்றும் வேண்டும். டெங்குக் கொசு பகலில் கடிக்கும் என்பதால் பூச்சி விரட்டியைப் படகிலும் தடவுங்கள். மலேரியாக் கொசு இரவில் கடிக்கும் என்பதால் கொசுவலையை இங்கிருந்தே எடுத்துச் செல்லுங்கள், ஓட்டை வலையை நம்பாதீர்கள். காலில் வெட்டுக் காயத்தோடு ஆற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். நாய் கடித்தால் அங்கேயே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசி தேடுங்கள், “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்” என்று மட்டும் சொல்லாதீர்கள். மலேரியாத் தடுப்பு மாத்திரை தேவையா என்று கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே யாராவது ஒரு மருத்துவரிடம் கேளுங்கள். விமான நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்பது பயன்படாது.

திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், தயவுசெய்து, முதல் வாக்கியமாக எந்த ஊர், எந்தத் தேதி, எங்கே தங்கினீர்கள் என்று சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் சொல்லுங்கள்; கூட்டமான காலைகளில் நாங்களும் மறக்கிறோம். அக்குள், தொடை இடுக்கு, இடுப்பு, மார்புக்குக் கீழ் என்று மறைவான இடங்களைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள், மருத்துவர் பார்க்க வேண்டும் என்றால் கூச்சப்படாதீர்கள். மலேரியாப் பரிசோதனையில் ஒரு முறை இல்லை என்று வந்தால் அதோடு விட்டுவிடாமல் மறுநாளும் அதற்கடுத்த நாளும் இரத்தம் கொடுங்கள். மலேரியாவில் ஒரு வகை கல்லீரலில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து பிறகு எழும் என்பதால், ஐப்பசியில் போய் வந்தவருக்குச் சித்திரையில் குளிர் காய்ச்சல் வந்தாலும், பயணத்தையே மறந்துபோயிருந்தாலும், அந்த லாவோஸ் கதையை அப்போதும் சொல்லுங்கள்.