பிளக்கின் கொக்கியை அராவினால் மைலேஜ் கூடுமா?

100 சிசி வண்டியின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். நடுவில் வெள்ளைப் பீங்கானிலிருந்து தலைநீட்டும் ஓர் உலோக முனை. ஓரத்திலிருந்து எழும்பி, அந்த முனைக்குக் குடை பிடிப்பதுபோல் வளைந்து நிற்கும் ஒரு கொக்கி. இரண்டுக்கும் நடுவே சுமார் 0.7 மில்லிமீட்டர் இடைவெளி. மெக்கானிக்குகள் 'கேப்' என்பது இதைத்தான். இந்தக் கொக்கியின் நுனியை அரத்தால் அராவிக் குறைத்தால் வண்டி நன்றாக இழுக்கும், மைலேஜும் கூடும் என்று பந்தய வண்டிக்காரர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஸைட் கேப்பிங் என்று இதற்குப் பெயர்.

முதலில் ஒரு கணக்கு. ஆக்ஸிலேட்டரை முழுதாகத் திருகினால் இந்த இன்ஜின் ஒரு தடவை உள்ளிழுக்கும் காற்று ஏறத்தாழ 0.1 கிராம். அதோடு கலந்து வரும் பெட்ரோல் 7 மில்லிகிராம். அது எரிந்தால் கிடைக்கும் ஆற்றல் சுமார் 300 ஜூல். பிளக்கின் பொறியில் இருப்பதோ ஒரு ஜூலில் இருபதில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். பொறி வெறும் தீக்குச்சிதான். வண்டியைத் தள்ளும் சக்தி அதிலிருந்து வருவதில்லை.

சரி, அப்படியானால் அராவுவதால் என்ன மாறுகிறது?

பொறியில் பிறக்கும் தீ முதலில் கடுகளவுதான். அதைச் சுற்றியிருக்கும் உலோகம் தீயைவிடப் பல மடங்கு குளிர்ந்தது, வெப்பத்தை உறிஞ்சிவிடும். 1815இல் ஹம்ப்ரி டேவி சுரங்கத் தொழிலாளர்களுக்காகச் செய்த விளக்கில் கம்பிவலையைத் தாண்டித் தீ வெளியே போகாததும் இதனால்தான். பிளக்கில் அந்தக் கொக்கி பச்சிளம் தீயின் தலைக்கு நேர்மேலே நிற்கிறது. தீ வளரத் தாமதமானால், அழுத்தம் உச்சத்துக்கு வருவதற்குள் பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிவிடும். எரிந்த பெட்ரோலின் ஒரு பங்கு வேலைக்கு ஆகாமல் சைலன்சர் வழியே சூடாக வெளியேறும். ஐட்லிங்கில், அதாவது நிற்கும் வண்டியில் இன்ஜின் மெல்ல ஓடும்போது, இந்தத் தொல்லை இன்னும் அதிகம்.

கொக்கியின் நுனியை நடுமுனையின் விளிம்புவரை அராவிவிட்டால் பொறி சாய்வாகப் பாய்கிறது. தீயின் தலைக்குமேல் கூரை இல்லை. அராவிய கூர்விளிம்பில் மின்புலம் குவிவதால், குறைந்த வோல்ட்டிலேயே பொறி பாயும்.

என் பழைய வண்டியில் செய்து பார்த்தேன். காலையில் ஸ்டார்ட் ஆவது சுலபமானது, ஐட்லிங் சீரானது. மைலேஜில் அளந்து சொல்லும்படி எதுவும் தெரியவில்லை. நல்ல நிலையில் இருக்கும் இன்ஜின் உள்ளே வரும் பெட்ரோலில் பெரும்பங்கை ஏற்கெனவே எரித்துவிடுகிறதே! தவிர, கூர்விளிம்பு சீக்கிரம் தேயும். கேப் அகலும். பிளக்குக்கு உயர் வோல்ட் தரும் காயிலுக்குச் சுமை ஏறும்.

இதே வேலையை இரிடியம் பிளக் நேர்த்தியாகச் செய்கிறது. இரிடியம் உருக 2,446 டிகிரி செல்சியஸ் வேண்டும். அதனால் நடுமுனையை 0.4 மில்லிமீட்டர் வரை மெல்லியதாக்க முடிகிறது. வெப்பத்தைத் திருட அங்கே உலோகமே அதிகம் இல்லை. 2003இல் வந்த பஜாஜின் 'பல்சர் டிடிஎஸ்-ஐ' பைக் வேறு வழியில் போனது: ஒரே சிலிண்டருக்கு இரண்டு பிளக், தீ கடக்க வேண்டிய தூரம் குறைவு.

சென்ற மாதம் பக்கத்து வீட்டுத் தம்பி தன் வண்டியில் மிஸ்ஸிங், இன்ஜின் விட்டுவிட்டு ஓடுகிறது என்று கொண்டுவந்தான். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை விட்டுப் பார்த்தால் கேப் 1.1 மில்லிமீட்டர். கொக்கியைத் திண்ணைக் கல்லில் மெல்லத் தட்டி 0.7க்குக் கொண்டுவந்தோம். அரத்துக்கு வேலையே வரவில்லை. மிஸ்ஸிங் அன்றைக்கே நின்றுவிட்டது.