அடையாள அட்டை எண்ணும் நிபந்தனைக் கூற்றும்

நிபந்தனைக் கூற்று, அதாவது ஒன்று உண்மையா என்று பார்த்து அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிக்கும் செய்நிரல் வரி, பழகும் பிள்ளைகளுக்கு வழக்கமாகக் கொடுப்பது புள்ளிக் கணக்கு: 75 அல்லது அதற்கு மேல் என்றால் ஏ, 65 என்றால் பீ. நல்ல பயிற்சிதான். ஆனால் வெள்ளவத்தையில் உயர்தரத்துக்குப் பைத்தன் என்ற கணினி மொழி படிக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இன்னொன்று: இலங்கைத் தேசிய அடையாள அட்டை எண்ணிலிருந்து பிறந்த நாளைக் கண்டுபிடிக்கும் செய்நிரல். விடை சரியா என்று வீட்டில் அம்மாவிடமே கேட்டுவிடலாம்.

பழைய அட்டையில் ஒன்பது இலக்கங்களும் கடைசியில் ஓர் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இல் வந்த 12 இலக்க எண்ணில் ஆண்டு முழுதாக நான்கு இலக்கம். ஆகவே முதல் கேள்வி நீளம் பத்தா பன்னிரண்டா என்பது. இரண்டாவது, நாள் 500ஐத் தாண்டுகிறதா என்பது. 642 என்றால் பெண், 142ஆவது நாள்.

இப்படி ஒப்பிடும்போது கணினியின் மையச் செயலி (சிபியு) பொதுவாக ஓர் எண்ணிலிருந்து மற்றதைக் கழித்துப் பார்க்கிறது. விடை மறையா, பூச்சியமா என்று குறித்துக்கொண்டு, அடுத்த கட்டளைக்குப் போகிறது அல்லது அதைத் தாண்டிக் குதிக்கிறது. அவ்வளவுதான். கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது என்பது முழுக்க எழுதுபவர் பொறுப்பு.

மாதம் கண்டுபிடிக்கும் இடத்தில் இது நன்றாகத் தெரியும். 31க்குள் என்றால் ஜனவரி, 60க்குள் என்றால் பெப்ரவரி, 91க்குள் என்றால் மார்ச் என்று போகும் வரிகளைப் பலர் பன்னிரண்டு தனித்தனி 'இஃப்' (if, 'என்றால்') ஆக எழுதுகிறார்கள். 20ஆவது நாளைக் கொடுத்தால் பன்னிரண்டும் உண்மை! ஒவ்வொன்றும் மாதத்தை மாற்றி எழுதி, கடைசியில் டிசம்பர் என்று வந்து நிற்கும். இரண்டாவதிலிருந்து 'எலிஃப்' (elif, 'இல்லாவிட்டால், இது என்றால்') போட்டால் முதலில் உண்மையான கிளையோடு வேலை முடிந்துவிடும். மற்றவை பார்க்கப்படுவதே இல்லை. ஆனால் அந்தச் சங்கிலியையே டிசம்பரிலிருந்து தலைகீழாக எழுதினால் மறுபடியும் டிசம்பர்தான். 500ஐக் கழிக்க முன்பே மாதம் தேடினாலோ 642 எந்தக் கிளையிலும் விழாது.

எல்லாம் சரி, பெப்ரவரிக்கு ஏன் 60? இந்த எண்முறையில் எல்லா ஆண்டுக்கும் பெப்ரவரி 29 நாள். அதனால் 142 எப்போதும் மே 21. இதை அறியாமல் பைத்தனின் திகதி நூலகத்திடம் (திகதிக் கணக்குக்கான ஆயத்தச் செய்நிரல்களிடம்) 1985இன் 142ஆவது நாளைக் கேட்டால் மே 22 என்று ஒரு நாள் தள்ளிச் சொல்லும். 1984 நெட்டாண்டு என்பதால் அதற்கு மட்டும் சரியாக வரும். நெட்டாண்டில் பிறந்த ஒருவரின் எண்ணை மட்டும் வைத்துச் சோதித்தால் பிழை பிடிபடாது. அதனால் சோதிக்கும்போது இரண்டு வகை ஆண்டுகளையும் எடுங்கள். அப்புறம் எல்லையில் நிற்கும் 31, 60, 366, 501, 866 ஆகியவற்றையும், வரவே கூடாத 0, 367, 500, 867 ஆகியவற்றையும் கொடுத்துப் பாருங்கள். பின்னவற்றில் 367, 500, 867 ஆகியவற்றுக்கு 'எல்ஸ்' (else, 'எதுவும் இல்லாவிட்டால்') கிளை "பிழையான எண்" என்று சொல்ல வேண்டும். 0 மட்டும் 31க்குள் அடங்கிவிடும் என்பதால் அதை ஜனவரிக் கிளைக்கு முன்பே தடுக்க வேண்டும்.