காது கேளாத பொம்மையும் ‘சிமுலேஷன்’ என்ற சொல்லும்

பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று சோதிக்கப் பழகும் ஆடியாலஜி (செவித்திறன் இயல்) மாணவர்களின் கையில், சில கல்லூரிகளில் முதலில் ஒரு பொம்மையைத்தான் கொடுக்கிறார்கள். ‘சிமுலேஷன்’ பயிற்சி என்று இதற்குப் பெயர். தமிழில் எழுத உட்கார்ந்தால் போலச்செய்தல், பாவனை, உருவகப்படுத்தல் என்று சொற்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எதை எடுத்தாலும் எங்கோ இடறுகிறது.

முதலில் அந்தப் பொம்மை என்ன செய்கிறது என்று பார்ப்போம். நல்ல காதுக்குள் ஒலி போனால், உட்செவியில் உள்ள நுண்ணிய செல்கள் மிக மெல்லிய ஒலி ஒன்றைத் திருப்பி அனுப்பும். லண்டனில் டேவிட் கெம்ப் 1978இல் வெளியிட்ட கண்டுபிடிப்பு இது. காதிலிருந்து திரும்பி வரும் அந்த ஒலியைத் தேடும் ஓ.ஏ.இ. (ஓட்டோ அகூஸ்டிக் எமிஷன்) பரிசோதனைக்கு இதுதான் அடிப்படை. குழந்தையின் காதில் சின்ன முனை ஒன்றைப் பொருத்தினால், கருவி ஒலியை அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும். வந்தால் ‘பாஸ்’, வராவிட்டால் ‘ரெஃபர்’, அதாவது மேல் சோதனைக்கு அனுப்ப வேண்டும்.

கேட்க எளிது. ஆனால் குழந்தை பால் குடித்துவிட்டுத் தூங்க வேண்டும். காது மடலை மெதுவாகக் கீழே, பின்னால் இழுத்துப் பிடிக்க வேண்டும். முனையின் அளவு தப்பினாலோ, அது காதுக்குழாயின் சுவரில் இடித்து நின்றாலோ, நல்ல காதுக்கும் ‘ரெஃபர்’ வரும். பிறந்த முதல் நாளில் காதுக்குள் தங்கியிருக்கும் மாவு போன்ற படிவும் இதே வேலையைச் செய்யும். இவ்வளவையும் இரண்டு நாள் குழந்தையிடம் பழகச் சொல்வது குழந்தைக்கும் நல்லதல்ல, மாணவருக்கும் நல்லதல்ல.

இன்னொரு காரணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. பிறவியிலேயே கேட்கும் திறன் குறைந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு ஒன்று முதல் மூன்று பேர்தான். இருநூறு குழந்தைகளைச் சோதித்த மாணவர்கூட அப்படி ஒரு காதைத் தொடாமலே படிப்பை முடித்துவிடலாம். பொம்மையின் காதுக்குள் ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் இருக்கின்றன. கருவியின் ஒலியைக் கேட்டு, காது திருப்பி அனுப்புவது போன்ற ஒலியை அது அனுப்பும். ஆசிரியர் அதை நிறுத்திவிட்டால் பொம்மைக்கு ஒரு காது கேட்காது!

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் ‘சிமிலிஸ்’ என்றால் ‘போன்ற’. அதிலிருந்து வந்த ‘சிமுலாரே’ போலச் செய்தலையும் குறித்தது, நடித்து ஏமாற்றுவதையும் குறித்தது. ஆங்கிலத்துக்குள் ‘சிமுலேஷன்’ வந்தபோது வேஷம் போடுதல் என்ற பொருள்தான் முன்னால் நின்றது. ஜெர்மனில் இன்றும் ‘சிமுலான்ட்’ என்றால் நோய் வந்ததாக நடிப்பவர். 1929இல் எட்வின் லிங்க், ஆர்கன் வாத்தியத்தின் காற்றுத் துருத்திகளை வைத்து விமானப் பயிற்சிக் கூண்டு ஒன்றைச் செய்தார். அப்படிப்பட்ட கருவிகள் பெருகப் பெருகத்தான் இந்தச் சொல்லுக்குப் பயிற்சி என்ற கௌரவமான பொருள் வலுத்தது. ஆடியாலஜிக்குள்ளேயே பழைய பொருளும் உண்டு: இழப்பீட்டுக்காகவோ ராணுவத்துக்குப் போகாமல் இருக்கவோ காது கேட்காதது போல நடிப்பது. அதற்குத் தமிழில் ‘பாசாங்கு’ என்ற சொல் கச்சிதமாக இருக்கிறது. அதை அங்கேயே விட்டுவிடலாம்.

‘போலி’யை நினைத்தால் கொஞ்சம் வருத்தம்தான். இலக்கணத்தில் அது நல்ல சொல். முகம் ‘முகன்’ ஆவதும் பந்தல் ‘பந்தர்’ ஆவதும் போலி. எழுத்து மாறும், பொருள் மாறாது. பொம்மைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது. ஆனால் போலி டாக்டர், போலி மருந்து என்று பேப்பரில் படித்துப் பழகியவர்களிடம் ‘போலிக் குழந்தை’ என்றால் போலீசைத்தான் கூப்பிடுவார்கள்.

‘பாவனை’ நம் ஊரில் சரி. இலங்கையில் பாவனை என்றால் பயன்பாடு, பாவனையாளர் என்றால் பயன்படுத்துபவர். ‘பாவனைக் கருவி’ என்று எழுதினால் அங்கே வேறு அர்த்தம்.

‘உருவகப்படுத்தல்’ பாடநூல்களில் அடிபடும் சொல். கணினியில் வெள்ளத்தையோ போக்குவரத்தையோ கணக்கிட்டுக் காட்டுவதற்கு இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் மலர் போன்ற முகம் என்றால் உவமை; முகமலர் என்றால்தான் உருவகம். சிமுலேஷனின் வேரே ‘போன்ற’ என்பதுதான், அதாவது உவமை. பொம்மை குழந்தையைப் போன்றது, குழந்தையே அல்ல. அது நெளியாது, சிணுங்காது.

என் தேர்வு ‘ஒத்திகை’. ஒத்திருத்தல் என்பது சொல்லிலேயே காதில் விழுகிறது. நாடகக்காரர்களின் சொல் என்று தள்ளவும் முடியாது. தீயணைப்பு ஒத்திகை, வெள்ள மீட்பு ஒத்திகை என்று செய்தித்தாள்கள் எப்போதோ வெளியே கொண்டுவந்துவிட்டன. ஒத்திகைப் பயிற்சி, ஒத்திகைப் பொம்மை என்று எழுதினால் யாருக்கும் அகராதி வேண்டாம்.

பயிற்சியின் அடுத்த பாதிக்கும் இந்தச் சொல் பொருந்துகிறது. நோயாளியாக நடிக்க ஆளை அமர்த்திப் பாடம் நடத்துவதை 1963இல் அமெரிக்காவில் ஹோவர்ட் பாரோஸ் தொடங்கிவைத்தார். இங்கே நடிக்க வேண்டியது தாயாக. கருவியில் ‘ரெஃபர்’ என்று வந்திருக்கிறது, அம்மா முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். “காது கேக்கலைம்மா” என்று மாணவர் சொல்லிவிட்டால் தப்பு. அந்த முடிவைச் சொல்ல இந்தச் சோதனை போதாது. “இன்னொரு தடவை பார்க்கணும்மா, குழந்தையைக் கட்டாயம் கூட்டிட்டு வாங்க” என்பதைப் பயமுறுத்தாமலும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் இருந்துவிடாதபடியும் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரிக்கு எத்தனை ஒத்திகை பார்த்தாலும் தகும்.