அழுத்தந்தாங்கி: ‘அழுத்தக் கருவி’ ஏன் பொருந்தாது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014/68 நெறியாணை ‘பிரஷர் எக்விப்மென்ட்’ என்று சொல்வதை, குளிர்பதன நிறுவல் பற்றித் தமிழில் எழுதுவோர் ‘அழுத்தக் கருவி’ ஆக்கிவிடுகின்றனர். முதற்சொல் அழுத்துதலைக் குறிக்கும் லத்தீன் வினையின் வழி வந்தது. இரண்டாவது, கப்பலை ஆயத்தப்படுத்துதலைக் குறித்த பழைய நோர்ஸ் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்ததாகக் கருதப்படுகிறது.

‘இரத்த அழுத்தக் கருவி’ என்றால் அழுத்தத்தை அளப்பது என்றே நாம் கொள்கிறோம். ஆகவே ‘அழுத்தக் கருவி’ என்றதும் அளவியோ, அழுத்தத்தை உண்டாக்கும் எந்திரமோதான் நினைவுக்கு வரும். ஆனால் அழுத்தம் முக்கிய வடிவமைப்புக் காரணியாக இல்லாத கம்ப்ரெசர்களை இவ்விதி விலக்கியே வைக்கிறது. அழுத்தத்தை உண்டாக்குவது வெளியே நிற்க, 0.5 பாருக்கு (பார் என்பது அழுத்த அலகு) மேல் அதைத் தாங்கி நிற்கும் ரிசீவரும் (குளிர்பதனப் பாய்மத்தைத் தேக்கும் கலன்) குழாயும் பாதுகாப்பு வால்வும் உள்ளே வருகின்றன.

‘அழுத்தக் கலன்’ என்போரின் தவறு இன்னும் பெரிது. கலன் என்ற சொல்லில் குழாய் அடங்காது. தொழிற்சாலையிலிருந்து, ஐரோப்பிய விதிகளுக்கு இணங்கியதைக் காட்டும் சிஇ குறியோடு வந்த ரிசீவரோடு கடமை முடிந்தது என்று நிறுவுபவர் எண்ண அச்சொல் இடம் தருகிறது. குளிர்பதனம் கரியமில வாயுவில் இயங்கும் பேரங்காடி ஒன்றில், 60 பாருக்கு வடிவமைத்து அவர் பிரேசிங் (உலோகப் பற்றவைப்பு) செய்யும், பெயரளவு விட்டம் (டிஎன்) 40 கொண்ட குழாயை எடுத்துக்கொள்வோம். கரியமில வாயு போன்ற, ஆபத்து குறைந்த இரண்டாம் தொகுதி வாயுக்களின் குழாய்க்கு எல்லை, அளவு 32-உம், அளவையும் அழுத்தத்தையும் பெருக்கிய தொகை 1000-உம் ஆகும். இங்கே அளவு 40, அத்தொகை 2400; இரண்டு எல்லையும் தாண்டுவதால் அக்குழாய்க்கும் இணக்க மதிப்பீடு (விதிக்கு ஏற்றதா என்ற சோதனை) வேண்டும். அம்மோனியா போன்ற, ஆபத்து மிகுந்த முதல் தொகுதிப் பாய்மங்களுக்கு எல்லை இன்னும் இறுக்கமானது.

இடிதாங்கி, சுமைதாங்கி என்ற சொற்களின் வழியில் ‘அழுத்தந்தாங்கி’ என்பதே தகும். கலன், குழாய், வால்வு மூன்றும் அதில் அடங்கும். தூய தமிழ் என்பதைவிட, வேலை செய்பவருக்கு உடனே விளங்கும் என்பதே எனக்கு முக்கியம்.

அகராதியின் முதற்பொருளை எடுத்து ஒட்டும் இந்த வழக்கம் இச்சொல்லோடு நிற்கவில்லை. சாதனத்தின் பெயர்த்தட்டில் உள்ள ‘பிஎஸ்’ (PS) என்ற அழுத்தக் குறியீட்டை ‘இயங்கழுத்தம்’ என எழுதுகின்றனர். அதுவோ உற்பத்தியாளர் வடிவமைப்புக்கென வரையறுத்த உச்ச வரம்பு. குளிர்பதன அமைப்பு நின்றபின் அதிலுள்ள கரியமில வாயு சூடேறி, இயங்கும்போது இருந்த அழுத்தத்தைத் தாண்டக்கூடும். ஆதலால் அதை ‘உச்ச அனுமதி அழுத்தம்’ என்றே எழுத வேண்டும்.