சோணையறை நடுக்கம்

விசுவமடுவிலிருந்து கிளினிக்குக்கு வந்த என் பெரியம்மாவின் கொப்பியில் இரண்டு வருத்தங்கள் எழுதப்பட்டிருந்தன. முதலாவதை "இதயச் செயலிழப்பு" என்று தமிழில் சொன்னேன். "செயலிழந்துவிட்டது என்றால் நான் எப்படித் தம்பி பஸ் ஏறி வந்தேன்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. இதயம் நிற்கவில்லை, உடம்புக்குப் போதுமான இரத்தத்தை இறைக்க அதற்குத் தென்பு இல்லை. "இதயப் பலவீனம்" என்று சொல்லியிருந்தால் அவருக்கும் விளங்கியிருக்கும், எனக்கும் மானம் மிஞ்சியிருக்கும்.

இரண்டாவது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன். பத்திரிகைகள் இதை "ஒழுங்கற்ற இதயத்துடிப்பு" என்று எழுதிவிட்டுப் போகின்றன. டெங்குவைக் காய்ச்சல் என்று எழுதுவது போன்றது அது. துடிப்பு ஒழுங்கு தவறும் வகைகள் பல; இது அவற்றில் ஒன்று.

ஏட்ரியம் என்பது பழைய ரோமானியர் வீட்டின் நடுக்கூடம். நமது நாற்சார் வீட்டு முற்றம்போல மேலே திறந்திருக்கும். ஃபிப்ரில்லா என்றால் இலத்தீனில் சிறுநார். இலங்கைப் பாடநூல்கள் இதயத்தின் மேலறையைச் சோணையறை என்கின்றன. காதுச்சோணை என்று நாம் சொல்கிறோமே, அதே சோணைதான். ஆங்கிலத்தில் முன்பு இந்த அறைக்கு வழங்கிய ஓரிக்கிள் என்ற பெயருக்கும் 'சிறு காது' என்பதே மூலப்பொருள். அறையோடு காதுமடல்போல ஒட்டியிருக்கும் சிறு பையால் வந்த பெயர் அது. இந்த வருத்தத்தில் இரத்தம் தேங்கிக் கட்டிபடுவது பெரும்பாலும் இடப்பக்கத்து அந்தப் பைக்குள்தான். கட்டி கழன்று மூளைக்குப் போனால் பாரிசவாதம். அந்த ஆபத்து மற்றவர்களைவிட ஏறக்குறைய 5 மடங்கு.

ஃபிப்ரிலேஷனுக்குத் "துடிப்பு" பொருந்தாது. துடித்தால் இரத்தம் நகரும். இங்கே மேலறையில் நிமிடத்துக்கு 350 முதல் 600 வரை மின்னலைகள் ஓடுகின்றன. தசைநார்கள் ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு உதறுகின்றன. அறை சுருங்குவதே இல்லை. ஆகவே சோணையறை நடுக்கம் என்றே சொல்வேன். "படபடப்பு" நோயாளி உணர்வது. எதையும் உணராமலே இந்த நோயோடு நடமாடுகிறவர்கள் உண்டு.

அன்று வைத்தியர் பெரியம்மாவின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து எண்ண, அதே நிமிடத்தில் தாதி மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். நெஞ்சில் 118, கையில் 92. மிச்சம் 26 துடிப்பும் வெறுந்துடிப்பு: கீழறை நிரம்புமுன் சுருங்கியதால் கைவரை எட்டாதவை. இதற்கு "நாடிக் குறைவு" என்று பெயர் வைக்கலாம்.

பலவீனப்பட்ட இதயத்துக்கு இந்த நடுக்கம் ஏன் கொடிது? கீழறை நிரம்புவதில் 20 முதல் 30 சதவீதம் மேலறையின் கடைசித் தள்ளலால் வருகிறது. நல்ல இதயம் அந்த இழப்பைத் தாங்கும். களைத்த இதயம் தாங்காது. வேகம் கூடக்கூடத் தசை மேலும் தளரும், தளர்ந்த இதயத்தில் மேலறை வீங்கி நடுக்கம் நிலைக்கும். இளைப்பும் கால்வீக்கமும் கூடி, வார்டில் படுக்கும் தடவைகளும் இறப்பும் இந்த இரண்டு வருத்தமும் சேர்ந்தவர்களிடையே அதிகம்.

மருந்தால் இதயத்தின் தாளத்தை ஒழுங்குக்குத் திருப்பினால் சரியாகிவிடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். 2008இல் வெளியான பெரிய ஆய்வொன்றில், அப்படிச் செய்தவர்களிடையே இறப்பு குறையவில்லை. வேகத்தை மட்டும் கட்டுப்படுத்தியதற்குச் சமமாகவே இருந்தது. 2018இல் வந்த காசில்-ஏஎஃப் ஆய்வு வேறு கதை சொன்னது. இரண்டு வருத்தமும் உள்ள 363 பேரில், குழாய் செலுத்திப் பிழையான மின்பாதையைச் சுடும் சிகிச்சை பெற்றவர்களில் 28.5 சதவீதத்தினர் இறந்தார்கள் அல்லது இதயப் பலவீனம் முற்றி வார்டுக்குத் திரும்பினார்கள். மருந்தோடு நின்றவர்களில் அது 44.6 சதவீதம். தேர்ந்தெடுத்த நோயாளிகள்தான் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெரியம்மாவுக்கு, இரத்தம் கட்டிபடாமல் தடுக்கும் வார்ஃபரின் எழுதினார்கள். வல்லாரையும் முருங்கை இலையும் திடீரென்று கூட்டவோ நிறுத்தவோ வேண்டாம், இரத்தப் பரிசோதனை பிசகும் என்றார் தாதி. பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது சோணையறைக்கு விளக்கம் சொன்னேன். தோட்டைத் திருகிக்கொண்டே கேட்டவர், "அந்தச் சோணையையும் குத்துவார்களோ?" என்றார்.